பெர்க்மன்ஸ் அம்மாவின் சிவப்பு டாஃப்

"உட்காரச் சொல்லு. காபி கொடு. இருபது நிமிஷம் ஆகும்" என்று போனில் சொல்லிவிட்டு, மியூசியத்தை நடத்தும் டினுஸ் டக்கென்று வைத்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டிக்கெட் மேஜைக்கு எதிரே மழையில் சொட்டச் சொட்ட நனைந்து நின்றிருந்தார் பெர்க்மன்ஸ் அம்மா. வயது எண்பத்து நான்கு. ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். நாலு வருஷத்துக்கு முன்னால் தன் சிவப்பு டாஃப் காரை எங்கள் பழைய கார் மியூசியத்துக்குச் சும்மா கொடுத்தவர். அதை ஒரு பார்வை பார்க்கத்தான் இந்த அலைச்சல்.

கார் அடுத்த ஹாலில்தான் நிற்கிறது. கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பின்வழியாக உள்ளே போய்விட்டார் டினுஸ். கார் கொடுத்தவர்கள் யார் வந்தாலும் இதே கூத்துதான். நான் இங்கே சம்பளமில்லாத வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம்தான் ஆகிறது. அதற்குள் அலுத்துவிட்டது.

"ஹால்ல ஏதோ துடைச்சுக்கிட்டு இருக்கார். கொஞ்சம் உட்காருங்கம்மா."

"பரவாயில்லம்மா. எப்பவும் இப்படித்தான்."

காபியும் ஒரு பிஸ்கட்டும் கொடுத்தேன். ஆளுக்கு ஒன்று, அப்புறம் டின்னை மூடிவிட வேண்டும் என்பது டினுஸ் போட்ட சட்டம். எரிச்சலில் ரெண்டாவது பிஸ்கட்டும் எடுத்து வைத்தேன்.

அன்றைக்கு வந்ததே நாலு பேர். அதில் ஒருவர் வெளியே போகும்போது, "முன்னால போற வேகத்துலயே பின்னாலயும் போகுமாமே!" என்று சொல்லிச் சிரித்தார். டாஃப், கியரும் கிளட்ச்சும் இல்லாமல் ரப்பர் பெல்ட்டில் ஓடுகிற வண்டி; ரிவர்ஸிலும் அதே வேகம்தான். இந்த ஜோக்கைச் சொல்லாமல் ஒருத்தரும் வெளியே போவதில்லை. நானும் சிரித்து வைத்தேன்.

"இதை வாங்கின அன்னைக்கு எங்க தெருவே சிரிச்சுது" என்றார் பெர்க்மன்ஸ் அம்மா. "கிழவி வண்டின்னாங்க. எங்க வீட்டுக்காரர் காதுலயே போட்டுக்கல." கடிகாரத்தைப் பார்த்தார். "மூணே காலுக்கு பஸ். அதை விட்டா ஒரு மணி நேரம் மழையில நிக்கணும்."

மூன்று மணி ஆனது. டினுஸைக் காணோம். இனி பொறுக்க முடியாதென்று ஒர்க்‌ஷாப்பைச் சுற்றிக்கொண்டு ஹாலுக்குள் நுழைந்தேன்.

சிவப்பு டாஃபின் மூக்குக்கு நேரே, சில்லென்ற தரையில் மல்லாந்து படுத்திருந்தார் டினுஸ். எழுபத்தெட்டு வயது மனுஷன். கையில் ஸ்க்ரூ டிரைவர். காரில் நம்பர் பிளேட் இல்லை. பக்கத்தில் பழைய நீல நம்பர் பிளேட்டுகள் பத்துப் பதினொன்று பரத்திக் கிடந்தன.

"என்ன பண்றீங்க?"

"கத்தாதே, கோரி. கதவைச் சாத்து."

"அப்போ இது அந்தம்மா வண்டி இல்லையா? அது எங்க?"

"இன்ஜின் அந்தப் பச்சை வண்டியில. கதவு ரெண்டும் இதுல. மிச்சம் எல்லாம் துரு. பிரிச்சுட்டோம்."

"முழுசா வெச்சிருப்பேன்னு சொன்னீங்களாமே?"

"வண்டியைக் கொடுத்த அன்னைக்கு வாசல்ல நின்னு அழுதாங்க. நீயா இருந்தா என்ன சொல்லியிருப்ப?"

நான் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"சிவப்பு கொடுத்தவங்க வந்தா இதுல அவங்க நம்பரை மாட்டிடுவேன். பச்சை கொடுத்தவங்களுக்கு அது. இந்தம்மா வருஷத்துக்கு நாலு தடவை வர்றாங்க. எப்பத்தான் நிறுத்துவாங்களோ, என் இடுப்பே போச்சு." பெருமூச்சு விட்டார். "ஆனா தெரிஞ்சா தாங்க மாட்டாங்க, கோரி. அப்புறம் அவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

இத்தனை நாள் இந்த மனுஷனை மனசுக்குள் திட்டியதற்கு வெட்கமாக இருந்தது.

"சரி, சீக்கிரம்! பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று அவசரப்படுத்தினேன். பதறிப்போய்க் குவியலிலிருந்து ஒன்றை உருவி மாட்டினார். நான் மிச்சத்தைக் காருக்கடியில் தள்ளிவிட்டு, அவரைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டேன்.

கதவைத் திறந்ததும் பெர்க்மன்ஸ் அம்மா மெதுவாக உள்ளே வந்தார். குனிந்து, நம்பர் பிளேட்டை ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவினார். டினுஸ் மூச்சு விடாமல் நின்றார்.

"நல்லா வெச்சிருக்கீங்க, டினுஸ்."

"உங்க வண்டியாச்சேம்மா!"

நான் குடை பிடித்து அவரை பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட்டிப் போனேன். தெருமுனையில் பஸ் திரும்புவது தெரிந்தது.

"அது என் நம்பரே இல்ல" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எப்பவும் சரியா மாட்டிடுவார். இன்னைக்கு என்ன அவசரமோ, பாவம்."

"அப்போ... உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் தடவையே தெரியும். முப்பத்தாறு வருஷம் ஓட்டியிருக்கேன். உள்ள உட்கார்ந்ததுமே, இது நம்ம வண்டி இல்லன்னு புரிஞ்சுபோச்சு."

"பின்ன எதுக்கும்மா இந்த மழையில, ரெண்டு பஸ் மாறி? பேசாம வீட்டுலயே இருந்திருக்கலாமே!"

பஸ் வந்து நின்றது. கம்பியைப் பிடித்து, மூச்சு வாங்கப் படி ஏறினார்.

"எனக்கும் முடியலதான், முழங்கால் ரெண்டும் போச்சு. ஆனா நான் வராம நின்னுட்டா, குட்டு உடைஞ்சுபோச்சோன்னு அந்த மனுஷன் நொந்துபோயிடுவாரே! மே மாசம் வர்றேன்னு சொல்லிடும்மா."