மண்டை திறந்திருக்கும்போது

மூளைக்கட்டியை எடுப்பதற்காக காரலின் மண்டையிலிருந்து அறுத்தெடுத்த உள்ளங்கையகல எலும்பு ஈரத்துணியில் கிடக்கிறது. அவள் விழித்திருக்கிறாள். டபோ ஊர்ச் சந்தையில் ஆடு ஏலம் விடுபவள். பேச்சு போனால் பிழைப்பும் போகும். மின்முனை மூளையைத் தொடும்போது சொல் தடுக்கினால் அந்த இடத்தை வெட்டக்கூடாது. அதற்காக நர்ஸ் லிட்டியா படங்களைக் காட்டுகிறாள். காரல் பெயர் சொல்கிறாள்: "குடை... கத்தரி..." மின்முனையைப் பிடித்திருக்கும் டாக்டர் ஸ்ட்ராக்கன் கேட்பதாயில்லை. வெள்ளை விளக்கின் கீழே கொழுத்த கழுத்தை ஆட்டிக்கொண்டு, "என் புதுப் படகுல ரெண்டு இன்ஜினாக்கும்" என்கிறார், மூன்றாவது முறையாக. மயக்க டாக்டர் இளிக்கிறார். அடுத்த படம் கோழி. காரல் பேசவில்லை. மானிட்டர் மட்டும் கீச்சிடுகிறது. அவள் கையைப் பிடித்திருப்பது என் வேலை. அந்தக் கை என் விரல்களை இறுக்குகிறது. ஸ்ட்ராக்கனின் கை நிற்கிறது, வாயும் நிற்கிறது. "காரல்? என்னம்மா, இது என்ன?"

"கோழி," என்கிறாள் நிதானமாக. "வாய மூடுவியான்னு பாத்தேன்யா. இப்ப வேலையப் பாரு."