வெளியே மட்டும்

“உள்ள யாரு பாய் பாக்கப் போறா?” என்றார் அப்பா.

பெயின்ட் பட்டறை காஜா பாய் மகளுடைய ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கிக் காட்டினார். வெளியே வெளுத்திருந்த மாம்பழ மஞ்சள், பெட்ரோல் மூடியைச் சுற்றி மட்டும் வாங்கிய அன்று போலவே இருந்தது.

வெயில் படாத இடம்.

“அதே மஞ்சள்னா மேலாப்ல அடிச்சா போதும் சார். நாலாயிரம். கலரை மாத்துறதுன்னா உள்ளயும் அடிக்கணும். ஏழாயிரம் ஆவும். வெளிய மட்டும் அடிச்சா, சீட்டைத் தூக்குறப்பல்லாம் பழசு பல்லைக் காட்டும்.”

“காட்டட்டும். சீட்டைத் தூக்கிக்கிட்டா ரோட்ல போவாங்க?”

ஐயாயிரத்தில் முடிந்தது. வெளியே மட்டும்.

ஆர்.சி.யில் நிறத்தை மாற்றத் தனிச் செலவு. அதற்கு அப்பா பேரம் பேசவில்லை. அரசாங்கத்திடம் அவர் பேரம் பேசுவதில்லை.

“என்ன கலரும்மா?” என்றார் பாய்.

அவள் பட்டறை வாசலுக்கு வந்து சாலையைப் பார்த்தாள். போகிற ஸ்கூட்டர், வருகிற ஸ்கூட்டர், டீக்கடை முன்னால் நிற்கிற ஸ்கூட்டர்.

“சாம்பல்.”

*

மஞ்சள் அப்பா தேர்ந்தெடுத்தது.

“பொம்பளப் புள்ள ஓட்டுற வண்டி. தூரத்துலேர்ந்தே தெரியணும்,” என்றார் ஷோரூமில்.

தெரிந்தது.

காவிரிப் பாலத்தில் அவள் வண்டியை ஓரம் கட்டி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் அப்பாவின் போன் அடித்துவிடும். பழக்கடைக்காரர் பார்த்தார். அப்பாவின் பழைய மேனேஜர் பார்த்தார். பெரும்பாலும் எதிர்வீட்டு புவனேசுவரி ஆன்ட்டி பார்த்தார்.

ஆன்ட்டிக்குக் கூட்டுறவு வங்கியில் வேலை. வங்கி விட்டால் வீடு, வீடு விட்டால் கோயில். தெருவே சாட்சி சொல்லும்.

வங்கி இருப்பது பாலத்துக்கு நேரெதிர்த் திசையில்.

பாலத்தில் அவள் என்ன செய்கிறாள் என்று வீட்டில் விசாரணை நடந்தது. தண்ணீரைப் பார்த்தேன் என்றாள். தண்ணீர் இல்லாத மாதங்களில் மணலைப் பார்த்தேன் என்றாள். உண்மை அதுதான் என்பதால் யாரும் நம்பவில்லை. ஒரு பையன் பேரைச் சொல்லியிருந்தால் சீக்கிரம் தூங்கப் போயிருக்கலாம்.

“இன்னொரு போன் வந்துச்சுன்னா வண்டிச் சாவி என்கிட்ட. அப்புறம் காலேஜ் பஸ்தான்,” என்றார் அப்பா.

மறுவாரம் அவள் ஒரு செய்தியோடு வந்தாள். கண்ணைப் பறிக்கும் நிற வண்டிகளுக்குக் காலேஜில் தடை.

அங்கே ஏற்கெனவே கொலுசுச் சத்தத்துக்கும் மாடிப்படியில் சிரிப்பதற்கும் தடை இருந்தது. கூட ஒன்று சேர்ந்ததில் அப்பாவுக்குச் சந்தேகம் வரவில்லை.

“நல்ல காலேஜ்,” என்றார்.

பணத்தை எடுத்தார்.

*

சாம்பலுக்குப் போன் வரவில்லை.

பாலத்தில் அவள் சூரியன் இறங்கும்வரை நின்றாள். முன்னால் ஒரு சாம்பல், பின்னால் இரண்டு சாம்பல். ஹெல்மெட்டைக் கழற்றாமல் இருந்தால் போதும். காற்று கொஞ்சம் குறைவாக வரும்; அவ்வளவுதான்.

வீட்டுக்கு, லைப்ரரியில் இருப்பதாகக் கணக்கு.

“புள்ள திருந்திருச்சு,” என்றார் அப்பா, அம்மாவிடம். “எல்லாம் காலேஜ் குடுக்குற டிசிப்ளின்.”

*

புதன்கிழமை. பாலத்திலிருந்து கிளம்பும்போதே வண்டி திக்கியது. இறக்கத்தில் இருக்கிற பங்க் வரை எப்படியோ வந்து சேர்ந்தது.

அங்கே இரண்டு குழாய்கள். ஒன்றின் முன்னால் ஒரு பெண் குனிந்து சீட்டைத் திறந்துகொண்டிருந்தார். மடிப்புக் கலையாத காட்டன் புடவை. ஹெல்மெட்டுக்குக் கீழே முழம் மல்லிகை.

புவனேசுவரி ஆன்ட்டி.

திரும்பிவிடலாம் என்றால் பின்னால் ஓர் ஆட்டோ நின்றது. பங்க்காரர் அவளை அடுத்த குழாய்க்குக் கை காட்டினார்.

அவள் சீட்டைப் பாதி தூக்கினாள்.

“நல்லாத் தூக்கும்மா. மூடிய எங்க தேடுறது?”

தூக்கினாள். மாலை வெயிலில் மஞ்சள் பல்லைக் காட்டியது.

ஆன்ட்டி திரும்பினார்.

மஞ்சளைப் பார்த்தார். ஹெல்மெட்டுக்குள் அவளைப் பார்த்தார். அவள் வந்த வழியைப் பார்த்தார். பாலத்தைத் தவிர அந்த வழியில் வேறொன்றும் இல்லை.

அவள் சாவியை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டாள். நாளையிலிருந்து காலேஜ் பஸ். ஜன்னலோர இடம்கூட கிடைக்காது.

எங்கேயாவது பார்க்கவேண்டுமே என்று ஆன்ட்டியின் வண்டியைப் பார்த்தாள். தெருவுக்கு ஆன்ட்டி குடிவந்த நாளிலிருந்து எல்லோரும் அறிந்த சாம்பல் வண்டி. சீட்டு முழுவதும் திறந்திருந்தது.

பெட்ரோல் மூடியைச் சுற்றிக் கிளிப்பச்சை.

மீட்டரில் எண்கள் ஓடின. இருவரும் எண்களையே பார்த்தார்கள்.

எங்கோ கோயில் மணி அடித்தது. ஆன்ட்டி அங்கே இருக்கவேண்டிய நேரம்.

“முடிஞ்சுது மேடம்,” என்றார் பங்க்காரர், யாரிடம் என்றில்லாமல்.

ஆன்ட்டி சீட்டை மெல்ல இறக்கினார். கிளிப்பச்சை போனது. ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அவள் பக்கம் சாய்ந்தார்.

“பாய் உன்கிட்ட எவ்வளவு வாங்கினாரு?”