கதவுக் காட்சி

சொர்ணம் முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

திரையில் அவளே ஆற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள்.

தரை டிக்கெட்டில் விசில் பறந்தது. "மெதுவா இறங்கு தாயே, வழுக்கப் போவுது!" என்று ஒருவன் கத்தினான். கொட்டகையே சிரித்தது.

பக்கத்தில் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

இந்தக் காட்சி இங்கே இருக்கக் கூடாது.

வெட்டுவதற்காகவே எடுத்த காட்சி அது. யோசனை டைரக்டர் தாமோதரனுடையது. சென்சார் போர்டுக்காரர்களால் கையில் கத்தரியை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. நாமே ஒன்றைக் கொடுத்துவிடுவோம். வெட்டிவிட்டு நிம்மதியாகப் போவார்கள். கடைசியில் வரும் கதவுக் காட்சி தப்பித்துவிடும்.

"ஒரு பய பாக்க மாட்டான், சொர்ணம். என்னை நம்பு."

நம்பினாள். ஆடிக் காற்றில், ஈரப் புடவையோடு, பொழுது சாயும்வரை தண்ணீரில் நின்றாள். விளக்குப் பிடித்த ஆட்கள் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தார்கள்.

"ஊருக்குக் காட்டப் போறதில்லையாம். நீங்களாவது பாத்துக்குங்கப்பா" என்று அவள்தான் கேலி செய்தாள்.

சென்சாரோடு அவளுக்குப் பழைய பகை. முதல் படத்தில், கையில்லாத ரவிக்கைக்காக ஒரு பாட்டையே வெட்டிவிட்டார்கள். அடுத்ததில், புருஷன் பேசும்போது அவள் சத்தமாகச் சிரித்ததற்காக ஒரு காட்சியை. அவளே போர்டு ஆபீசுக்குப் போய் நின்றாள்.

"அழுதா பாஸ் பண்றீங்க. சிரிச்சா வெட்டறீங்க. நான் எங்கேதான்யா சிரிக்கிறது?"

"வீட்டுல சிரிம்மா" என்றார் அதிகாரி.

அடங்காப்பிடாரி என்று பத்திரிகைகள் எழுதின. அதில் அவளுக்கு வருத்தமில்லை.

ஆனால் இந்தத் தடவை தோற்கக் கூடாது.

படத்தின் கதை அக்காவின் கதை. சொர்ணம்தான் அதைத் தாமோதரனிடம் சொன்னாள். அக்காவை விட்டுவிட்டு ஓடிய அத்தான், வருஷங்கள் கழித்து, போன வாரம் ஆள் அனுப்பியிருந்தார். கார்த்திகையில் திரும்பி வருகிறாராம். அக்கா வரட்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அதனால்தான் கொட்டகைக்கு அழைத்து வந்திருந்தாள். "கடைசி வரைக்கும் பாருக்கா" என்று மட்டும் சொன்னாள்.

படத்தின் கடைசியில், திரும்பி வந்த புருஷன் கதவைத் தட்டுவான். அவள் திறப்பாள். அவனைப் பார்ப்பாள்.

"யாரு வேணும்?" என்பாள்.

கதவைச் சாத்துவாள்.

அந்த இரண்டு வார்த்தைக்குத் தாமோதரன் ஒரு பகல் முழுக்க அவளை வாட்டினார். "கோபம் வேண்டாம். நிஜமாவே ஆளைத் தெரியாத மாதிரி கேளு." நடிப்பு பிடித்துவிட்டால் அவர் வாய் திறந்து சொல்ல மாட்டார். தலை மட்டும் ஒரு பக்கமாகச் சாயும். அன்றைக்குச் சாயவே இல்லை. எத்தனை முறை சொன்னாலும் அவள் குரலில் எங்கேயோ கோபம் ஒட்டிக்கொண்டு நின்றது.

திரையில் கதவு தட்டும் சத்தம்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது.

திரையில் அவள் புருஷனைப் பார்த்தாள்.

காலில் விழுந்தாள்.

முகம் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. நாதஸ்வரம் முழங்கியது. பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

சுபம்.

சென்சார்காரன் வெட்டிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு, அந்த இரண்டு வார்த்தையைத் தான் சரியாகச் சொல்லாததால்தானோ என்று தோன்றியது.

அப்புறம்தான் அந்தத் தோள் குலுங்கியது நினைவுக்கு வந்தது.

அது அழுகை இல்லை. சிரிப்பு.

கதவுக் காட்சி எடுத்து முடித்த அன்று, விளக்கை அணைக்குமுன் தாமோதரன் சொன்னார். "விளம்பர போட்டோவுக்கு ஒரு தடவை கால்ல விழுந்துடு, சொர்ணம். ஊர் வாயை அடைக்கலாம்." அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே விழுந்தாள். போட்டோவுக்கு எதற்குப் படக் கேமரா ஓடுகிறது என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அது ஆடி மாதம்.

படம் சென்சாருக்குப் போனதே புரட்டாசியில்தான்.

"இதைத்தான் பாக்கச் சொன்னியா?" என்றாள் அக்கா. கையை விடுவித்துக்கொண்டு, "நீயும் இதைத்தான் சொல்றே, இல்லே?"



வெளியே கூட்டத்தை விலக்கிக்கொண்டு காரில் ஏறினார்கள். கதவைச் சாத்துவதற்குள் தாமோதரன் மாலையும் கையுமாக வந்து சேர்ந்தார். திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"பாத்தியா சொர்ணம், சென்சார்காரன் பண்ண வேலையை? ஆத்தை விட்டுட்டான், கதவை வெட்டிட்டான். நான் என்ன பண்ணட்டும், சொல்லு. ஆனா கூட்டத்தைப் பாரு! அடுத்த படத்துக்கு இப்பவே ஆள் வந்தாச்சு."

அவள் அவரைப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். வெற்றிலைக் காவி ஏறிய பல்லைப் பார்த்தாள்.

"யாரு வேணும்?"

கோபமே இல்லை. குரலில் எந்த மூலையிலும் இல்லை.

தாமோதரனின் தலை, அவரை அறியாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அவள் மடியைத் தாண்டி ஒரு கை நீண்டது.

கதவைச் சாத்தியது அக்கா.