கப்பலில் வாசித்த ராகம்

"அதுவும் பொய்தான்மா," என்றார் பெரியவர்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண் தன் நோட்டில் மூன்றாவது வரியையும் கோடு போட்டு அடித்தாள்.

கப்பல் மூழ்கி ஐம்பது வருஷம். எது நடந்தது, எது கட்டிவிட்ட கதை என்று பிரித்து எழுத வந்திருந்தாள். கேப்டன் தன்னையே சுட்டுக்கொண்டது. மணி தானாக அடித்தது. நடுக்கடலில் காகம் வந்து கொடிமரத்தில் உட்கார்ந்தது.

நாலாவது எது என்று அவருக்குத் தெரியும்.

"உங்க அண்ணன், தண்ணி கழுத்துக்கு வர்ற வரைக்கும் நாகஸ்வரம் வாசிச்சாராமே?"

காப்பித் தட்டோடு வந்த செங்கமலம் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். அண்ணன் மகள். அப்பா கப்பலேறியபோது அவளுக்கு இரண்டு வயது.

அவர் செங்கமலத்தைப் பார்த்தார்.

பினாங்குக் கோயில் திருவிழாவுக்குப் புறப்பட்ட மேளம். அண்ணன் நாகஸ்வரம். அவர் கூடவே சுருதிக்கு ஒத்து ஊதுகிறவர். உப்புக்காற்றில் சீவாளி கெட்டுவிடும் என்று எல்லாவற்றையும் கழற்றி, ஒரு செப்பில் போட்டு, அவரிடம் கொடுத்திருந்தார் அண்ணன்.

அதை அவர் தன் வேட்டி மடியில் கட்டிக்கொண்டார்.

விடியலில் கப்பல் சாய்ந்தது. முதல் படகிலேயே ஏறிவிட்டார். அண்ணனைத் தேடவில்லை.

படகு விலகியபோது மேல்தளத்தில் அண்ணன் தெரிந்தார். ஒரு கையில் நாகஸ்வரம்.

மறு கையை இவரை நோக்கி நீட்டினார்.

"என்ன ராகம்னுதான் ஆளுக்கொண்ணு சொல்றாங்க," என்றாள் அந்தப் பெண். "முகாரியா, நீலாம்பரியா?"

"நீலாம்பரி," என்றாள் செங்கமலம். "சின்ன வயசுல சித்தப்பா அந்தக் கதையைச் சொல்லித்தான் என்னைத் தூங்க வைப்பாரு."

அவர் எழுந்து உள்ளே போனார். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து செப்பை எடுத்துவந்தார். திறந்து மேசைமேல் வைத்தார்.

ஏழு சீவாளிகள். அண்ணன் கையால் சுற்றிய சிவப்பு நூல்.

"என்னங்கய்யா இது, காஞ்ச நாணல் மாதிரி?"

செங்கமலம் தட்டை மேசையில் வைத்துவிட்டுக் குனிந்து எண்ணினாள். மேளக்காரர் வீட்டுப் பெண். வாயில் வைத்து ஊதும் அந்தத் துண்டு இல்லாவிட்டால் நாகஸ்வரம் வெறும் மரம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"அப்பாகிட்ட வேற ஒண்ணாவது இருந்துச்சா, சித்தப்பா?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை.

அவள் செப்பை மூடினாள்.

"நீலாம்பரின்னே எழுதிக்குங்க," என்றாள் அந்தப் பெண்ணிடம்.

தட்டில் இரண்டு டம்ளர் இருந்தன. ஒன்றை விருந்தாளியின் முன்னால் வைத்தாள்.

சித்தப்பாவுக்கான மற்றதை உள்ளே எடுத்துப் போனாள்.