ஹாவோத் போட்ட ஓட்டு

மத்தியான வெயில் நகர மன்றத்தின் அழுக்குக் கண்ணாடி வழியே இறங்கி, குமாஸ்தா மெரெடித்தின் மேசைவரை வருகிறது. காலை மழையில் நனைந்த கம்பளிக் கோட்டுகளிலிருந்து ஆட்டு வாடை எழுகிறது. இங்கே ஓட்டுப் போடுவதென்றால் வேட்பாளர் பெயரை எல்லார் காதிலும் விழும்படி வாய்விட்டுச் சொல்லவேண்டும். பண்ணையாரின் காரியக்காரர் வாட்கின்ஸ் சுவரோரம் நின்று ஒவ்வொரு வாயாகப் பார்க்கிறார். போன தேர்தலில் ரீஸ் ப்ரொபெர்ட் அவர் முகத்துக்கு நேராக பண்ணையாரின் ஆளை எதிர்த்து நின்ற மோர்கன் பெயரைச் சொன்னான். ஹாவோத் நிலத்திலிருந்து அவனைத் துரத்தினார்கள். அந்தக் குளிர்காலத்திலேயே இருமி இருமிச் செத்தான். "ஹாவோத்!" என்று கூப்பிடுகிறார் மெரெடித். எங்கள் பக்கம் ஒருவனுக்குப் பெயர் அவன் உழும் நிலம்தான். இப்போது ஹாவோத் என்றால் புதுக் குத்தகைக்காரன் டேவிட் பியூ. "போடா பியூ, நம்மாளு ட்ரெவர் பேரச் சொல்லிட்டு வா, பீரு காத்திருக்குது" என்கிறார் வாட்கின்ஸ். சிரிக்கிறோம். பியூ தொப்பியைக் கழற்றிக்கொண்டு போய் நின்று வாயைத் திறக்கிறான். முதலில் இருமல்தான் வருகிறது, நெஞ்சைக் கிழிக்கும் வறட்டு இருமல். அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த இருமல். பிறகு ரீஸின் அதே பழைய கரகரத்த குரல்: "மோர்கன்." பியூ இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொள்கிறான். "ஐயா, நான் சொல்லலைங்க" என்று விரலிடுக்கில் அவன் சொந்தக் குரல் அழுகிறது. வாட்கின்ஸின் முகம் சுண்ணாம்பாய் வெளுக்கிறது. மெரெடித் மட்டும் குனிந்த தலையை நிமிர்த்தாமல் இறகுப் பேனாவை மையில் தோய்க்கிறார். "போன தடவ சொன்ன அதே பேருதானே, ஹாவோத்? எழுதியாச்சு. அடுத்த ஆளு!"