பிளக்கைப் பிடுங்கினீங்களா?

“அக்கா, அவர் என்ன நம்பர் போட்டார்னு கேளு.”

அறையில் மூன்று பேர். தரையில், பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்த கம்ப்யூட்டர் முன்னால் சம்மணம் போட்டு மச்சினன். கட்டிலில், தெருவில் ஏதோ ஊர்வலம் போவதுபோல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கணவன். இருவருக்கும் நடுவில், ஸ்டூலில், மனைவி.

“அவர்னா யாரு? உறவு முறை ஒண்ணும் இல்லையா?” என்றாள் அவள்.

மச்சினன் காதில் வாங்கவில்லை.

“நாற்பத்தஞ்சுன்னு சொல்லு,” என்றான் கணவன், ஜன்னலிடம்.

அந்தக் கம்ப்யூட்டரை உதிரி உதிரியாக வாங்கி, பார்த்துப் பார்த்துச் சேர்த்து, அக்காவுக்கென்று கொண்டுவந்து வைத்தவன் மச்சினன்தான். வைத்த அன்றைக்கே, ‘கடையில வாங்கியிருந்தா இதைவிட வேகமா ஓடும்’ என்று வாயை விட்டுவிட்டான் கணவன். கொடுத்த டீயைக் குடிக்காமல் எழுந்து போன மச்சினன், இன்றுதான் மறுபடி வாசற்படி மிதிக்கிறான்.

கணவனுக்கும் ரோஷம் குறைச்சலா? வேகத்தை நானே கூட்டிக் காட்டுகிறேன் என்று, மனைவி பக்கத்தில் நின்று பார்க்கப் பார்க்க, ப்ராசஸர் செட்டிங்கில் நாற்பதாக இருந்ததை நாற்பத்தைந்தாக்கினான். நன்றாகத்தான் ஓடியது. இன்று காலையில் பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கும்மிருட்டு. தானே அணைகிறது, தானே எழுகிறது, மறுபடியும் அணைகிறது.

உள்ளே இருந்தது, மனைவி கண் எரிய எரியப் பிழை திருத்திய புத்தகம். சாயங்காலத்துக்குள் பதிப்பகத்துக்குப் போகாவிட்டால் இனி அங்கிருந்து வேலையே வராது. “வேற வழியில்ல, தம்பியைத்தான் கூப்பிடணும்,” என்று அவள் சொன்னபோது கணவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“நாற்பத்தஞ்சா?” மச்சினன் நெற்றியைச் சுருக்கினான். “அதைத் தாங்குமே. நான் போட்ட ப்ராசஸர் ஒண்ணும் சவலைப்பிள்ளை இல்லையே.”

“தாங்கலையே,” என்றது ஜன்னல் பக்கம்.

“விசிறியில இவ்வளவு தூசு. துடைக்கக்கூட நேரமில்லையான்னு கேளு அக்கா.”

“துடைச்சா கையோட கழண்டு வந்துடுமோன்னு பயம்னு சொல்லு.”

மச்சினன் பல்லைக் கடித்துக்கொண்டான். “சரி, இந்தச் சின்ன பேட்டரியைக் கழட்டினா மாத்தினதெல்லாம் மறந்துட்டுப் பழையபடி எழுந்திரிக்கும். அக்கா, அவரை பிளக்கைப் பிடுங்கச் சொல்லு.”

ஸ்டூல் காலியாக இருந்தது. அவள் எப்போது சமையலறைக்கு நழுவினாள் என்றே தெரியவில்லை.

கணவன் காதில் விழத்தான் விழுந்தது. ஆனால் அவனிடம் யாரும் சொல்லவில்லையே! அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

மச்சினன் பேட்டரியைக் கழற்றினான், மாட்டினான், பட்டனை அழுத்தினான். இருட்டு. மறுபடி கழற்றினான், மாட்டினான். அதே இருட்டு. அவன் முகத்தில் வியர்வையைப் பார்த்ததும் கணவன் கட்டில் நுனிக்கு நகர்ந்தான். புத்தகம் போயே போச்சா?

சட்டென்று மச்சினன் திரும்பினான். “மாமா, பிளக்கைப் பிடுங்கினீங்களா?”

“எங்கிட்டயா சொன்னே?”

“பின்னே சுவத்துக்கிட்டயா சொன்னேன்? பிளக் சொருகியே இருந்தா அது எதையும் மறக்காது மாமா!”

கணவன் கட்டிலிலிருந்து குதித்து, மேஜைக்கடியில் தவழ்ந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினான். கொஞ்ச நேரம் அப்படியே விட்டு வைக்க வேண்டுமாம். வேறு வேலையில்லாமல் மச்சினனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, முதல் முறையாகப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

“உள்ளே ஒயரையெல்லாம் எவ்வளவு நேர்த்தியா கட்டியிருக்கே மச்சான்! கடைக்காரன் கட்டுவானா இப்படி?”

மச்சினன் தலையைத் தூக்கவில்லை. காது மடல் மட்டும் சிவந்தது. “இப்பவாவது உள்ளே பார்த்தீங்களே.”

பேட்டரி உள்ளே போனது. பிளக் சொருகப்பட்டது. பட்டன். ‘பீப்’ என்று ஒரு சத்தம், திரை முழுக்க வெளிச்சம்!

“மச்சான்!” “மாமா!” என்று இருவரும் கத்திய கத்தலில், மனைவி டீத் தட்டோடு வந்து நின்றாள். திரையை அவள் பார்க்கவே இல்லை. தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்த இருவரையும் பார்த்தாள். “அப்பாடா!” என்றாள்.

இந்த முறை மச்சினன் டீயைச் சொட்டு விடாமல் குடித்தான். “அடுத்த ஞாயிறு வரேன் மாமா. சேர்ந்தே வேகத்தைக் கூட்டுவோம்,” என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைப் போட்டான்.

அவன் தலை மறைந்ததும் மனைவி பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்துவிட்டாள். அவள் அம்மாவுக்குக் காது மந்தம். போனில் சொன்னால் பாதி புரியாது, எதுவானாலும் கடிதம்தான்.

“கடிதம் கிடக்கட்டும், முதல்ல புத்தகத்தை அனுப்பு,” என்று பரபரத்தான் கணவன்.

“அது நேத்தே போயாச்சு.”

கணவன் விழித்தான். “நேத்தேவா? அப்ப காலையில இருந்து நான் பட்ட பாடு? அதிருக்கட்டும், நாற்பத்தஞ்சுல இத்தனை நாள் ஒழுங்கா ஓடினது இன்னைக்கு மட்டும் ஏன் படுத்துச்சு?”

அவள் உறையின் ஓரத்தில் பசை தடவி, அழுத்தி ஒட்டி, அவன் கையில் கொடுத்தாள்.

“ரெண்டு பேரும் பேசிட்டாங்கன்னு அம்மாவுக்கு எழுதியிருக்கேன், தபால் பெட்டியில போட்டுட்டு வாங்க. நாற்பத்தஞ்சையெல்லாம் அது நல்லாவே தாங்குங்க. நேத்து ராத்திரி நான் போட்ட அறுபதைத்தான் தாங்கலை.”