சிவப்பு நாசில்

"வண்டி கழுவுற மெஷின்கூட மாமனார் வாங்கிக் குடுத்ததா? வெக்கமா இல்லடா?"

ஓசூர் கம்பெனியில் தன்னோடு வேலை பார்க்கும் சுபாஷைக் கேட்டுக்கொண்டே, அவன் வீட்டு வாசலில் தன் காரை நிறுத்தினான் முனிராஜ். 'என் உழைப்பு' என்ற ஸ்டிக்கர், பின்கண்ணாடிச் சேற்றுக்குள்ளும் பெரிதாகத் தெரிந்தது.

சுபாஷ் மெஷினின் இரண்டு குழாய்முனைகளைக் காட்டினான். "வெள்ளை நாசில மாட்டுடா, தண்ணி விரிஞ்சு வரும். சிவப்பு ஊசி மாதிரி குத்தும். ஸ்டிக்கர் பிஞ்சிடும்."

"மாமனாருக்குப் பயந்தே பழகிட்ட. தண்ணிக்குமா பயம்? தூ!"

முனிராஜ் சிவப்பு நாசிலையே மாட்டி, பின்கண்ணாடியில் நேராக அடித்தான்.

'என் உழைப்பு' பிய்ந்து சாக்கடைக்குப் போனது. அது மறைத்திருந்த பெயிண்ட் எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன:

'மாமனார் அன்பளிப்பு.'

சுபாஷ் வெள்ளை நாசிலை நீட்டினான்.

"இப்பவாவது இத மாட்டிக்கோ. அதுவும் அழிஞ்சிடப் போவுது."